கடுகு விழுங்கிய காசு

பல் லேபிலிருந்து போன் வந்தபோது அத்தை மேசைமேல் மூன்று தட்டுக் காசுகளை விரித்து வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். மழை விட்டு ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. ஈரம் குடித்த வெண்கலக் காசுகளில் பச்சைப் பொடி பூத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, மெல்லிய பிரஷ்ஷால் தட்டி, திரும்ப அதனதன் குழியில் வைப்பது வருஷா வருஷம் அவள் செய்கிற வேலை. ஒரு காசில் பிடித்தால் பக்கத்துக் காசுக்கும் பரவுகிற நோய் அது. அதனால் பாதியில் எழுந்து போக அவளுக்கு மனமில்லை. ஆனால் கூப்பிட்டது லேப் முதலாளி. திங்கட்கிழமை காலையில் போக வேண்டிய பல் செட் ஒன்று அச்சில் உட்காரமாட்டேன் என்கிறது, என்ன செய்வது என்று கேட்டார். வீட்டுக்குள் சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் அத்தை பால்கனிக்குப் போனாள். பத்து நிமிஷம் பேசியிருப்பாள்.

அத்தைக்கு ஐம்பத்தேழு வயது. பல் செட்டும் கேப்பும் செய்துகொடுக்கும் அந்த லேபில் முப்பது வருஷமாக வேலை. மெழுகில் பல் செதுக்குவாள், உலோகம் உருக்கி வார்ப்பாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மூன்றாவது மாடியில், தம்பி குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தாள். தம்பிக்கு ஒரே மகள். குழந்தைக்குப் பதிவேட்டில் அழகான பெயர் ஒன்று இருந்தாலும், பிறந்தபோது இருந்த அளவைப் பார்த்து அவன் வைத்த ‘கடுகு’தான் நிலைத்தது. இப்போது அவளுக்கு மூன்று வயது. எண்ணெய் காய்ந்ததும் கடுகு என்ன செய்யுமோ அதையே வீடு முழுக்கச் செய்துகொண்டிருந்தாள். கடுகு பேசத் தொடங்கியதிலிருந்து தெருவில் பாதிப் பேர் இவளை ‘அத்தை’ என்றே கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

காசு சேர்ப்பது அத்தைக்கு இருபத்தெட்டு வயதில் பிடித்த பைத்தியம். எல்லாக் காசும் இல்லை. சிசிலித் தீவில் கிரேக்கர்களும், எதிரே ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வந்த கார்த்தேஜ்காரர்களும் மாறி மாறிச் சண்டை போட்ட காலத்துக் காசுகள் மட்டும். கார்த்தேஜ்காரர்கள் வியாபாரத்தில் புலிகள், ஆனாலும் வெகுகாலம் தங்களுக்கென்று காசே அடிக்கவில்லை. சிசிலியில் கூலிப்படைக்குச் சம்பளம் கொடுக்க வேண்டி வந்தபோதுதான் அடித்தார்கள், அதுவும் எதிரியின் காசைப் பார்த்து. கிரேக்கக் காசிலிருந்த பெண் தலை, கூந்தலில் கோதுமைக் கதிரோடு, அப்படியே இவர்கள் காசுக்கும் வந்தது. மறுபக்கம் மட்டும் தங்கள் குதிரையையும் பேரீச்ச மரத்தையும் போட்டுக்கொண்டார்கள். அத்தைக்கு இது அலுக்கவே அலுக்காத வேடிக்கை. அடித்துக்கொள்கிற இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறார்கள் என்பாள்.

கடுகுக்கு அந்தக் காசுகளில் தெரிந்தது குதிரை மட்டும்தான்.

அத்தை திரும்பி வந்தபோது ஒரு தட்டு கவிழ்ந்து, காசுகள் தரையில் சிதறிக் கிடந்தன. அவளுடைய நாற்காலியில் கடுகு உட்கார்ந்திருந்தாள். ஒரு கை தொண்டையில் இருந்தது. கண்ணில் நீர் கோத்து, வாயோரம் எச்சில் வழிந்தது. அத்தை அருகில் போவதற்குள் குழந்தை கழுத்தை நீட்டி, கஷ்டப்பட்டு ஒரு முறை விழுங்கினாள். பிறகு சாதாரணமாக மூச்சு விட்டாள்.

“அத்த, குதிர உள்ள போயிடுச்சு.”

அத்தை கத்தவில்லை. குழந்தையின் வாயைத் திறந்து விரலை விட்டுத் துழாவினாள். ஒன்றுமில்லை. கடுகு அவள் விரலைக் கடித்துவிட்டு அழ ஆரம்பித்தாள். அழுகிற குழந்தைக்கு மூச்சுக் குழாய் அடைத்திருக்காது என்ற ஒரு நினைப்பு அத்தைக்கு வந்தது. அந்த நினைப்பைப் பிடித்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட்டாள்.

இருபது நிமிஷத்தில் ஆஸ்பத்திரியில் இருந்தார்கள். அவசரப் பிரிவில் இருந்தது ஒரு பெண் டாக்டர். பதற்றமே இல்லாத ஆள். வாரத்துக்கு ரெண்டு பேர் காசு விழுங்கிட்டு வர்றாங்க, என்று சொல்லிக்கொண்டே எக்ஸ்ரே எடுக்க அனுப்பினார். படம் வந்தது. சின்ன விலா எலும்புகளுக்குக் கீழே, விரல் நகம் அளவுக்கு, வெள்ளை வெளேரென்று ஒரு கோணல் வட்டம். தொண்டையைத் தாண்டி வயிற்றுக்குப் போய்விட்டது, இனி பயமில்லை, மூன்று நான்கு நாளில் தானாக வெளியே வந்துவிடும் என்றார் டாக்டர். வழக்கம்போலச் சாப்பிடட்டும், வாந்தி, வயிற்றுவலி வந்தால் மட்டும் கூட்டி வாருங்கள்.

தம்பி மனைவி அப்போதுதான் முதல் முறையாக உட்கார்ந்தாள்.

டாக்டர் சீட்டு எழுதிக்கொண்டே கேட்டார். “என்ன காசு? வட்டமா வழவழன்னு இல்லையே.”

“ரொம்பப் பழைய காசு டாக்டர்,” என்றான் தம்பி. “ரெண்டாயிரத்து முந்நூறு வருஷம். அக்கா சேக்குறாங்க.”

“பேட்டரி இல்லைல்ல? ஈயம் கீயம் எதுவும் கலந்ததா?”

“இல்ல டாக்டர். வெள்ளி, இல்லேன்னா வெண்கலம். எல்லாம் அக்கா பரிசோதிச்சு வச்சதுதான்.”

டாக்டர் நிமிர்ந்து அத்தையைப் பார்த்தார். அத்தை தலையை ஆட்டினாள். அது ஆமாம் என்பதா இல்லை என்பதா என்று அவளுக்கே தெரியவில்லை. டாக்டர் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார்.

அத்தையிடம் இருந்த அறுபத்திரண்டு காசில் ஒன்றின் வயிற்றில் ஈயம் இருந்தது. அது அவளுக்கு மட்டுமே தெரியும்.

அந்த ஒன்று தம்பி கொடுத்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவன் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தான். கடைசிப் பயணத்தில் ஏதோ ஒரு துறைமுகத்தில், பழைய பொருள் கடை ஒன்றில், பாதி நாள் நின்று பேசி வாங்கி வந்தது. கார்த்தேஜின் சின்ன வெள்ளிக் காசு, ஒரு பக்கம் பெண் தலை, மறுபக்கம் திரும்பிப் பார்க்கும் குதிரை. அவளுடைய ஐம்பதாவது பிறந்த நாளுக்கு, பழைய சாக்ஸில் சுற்றி, காலை காபியோடு கொண்டுவந்து வைத்தான். அப்பா இல்லாத வீட்டில் அவனுடைய மார்க் அட்டையில் கையெழுத்துப் போட்டது அவள்தான். அவன் அவளுக்கு வாங்கிக் கொடுத்த முதல் பொருள் அது. எப்படிக்கா இருக்கு, எப்படிக்கா இருக்கு என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான்.

கையில் எடுத்தபோதே அவளுக்கு ஏதோ உறுத்தியது. மறுநாள் லேபுக்குக் கொண்டுபோய், உலோகம் நிறுக்கிற தராசில் ஒரு முறை சும்மாவும், ஒரு முறை தண்ணீரில் தொங்கவிட்டும் நிறுத்துப் பார்த்தாள். கணக்குப் போட்டால் வெள்ளியைவிடக் கனமாக வந்தது. வெள்ளிக் காசு வெள்ளியைவிடக் கனமாக இருக்க வழியே இல்லை. அப்போதும் மனசு கேட்காமல், பல் ராவுகிற மிக மெல்லிய ஊசியை எடுத்து, காசின் விளிம்பில் அரை மில்லிமீட்டர் கீறினாள். வெள்ளித்தோலுக்கு அடியில் மங்கின சாம்பல் நிறம் தெரிந்தது. ஈயம். கீறலை மெருகுப் பசையால் தேய்த்து மறைத்தாள். வீட்டுக்கு வந்து, முதல் தட்டின் நடுக்குழியில் அதை வைத்தாள். ஏழு வருஷமாக அது அங்கேதான் இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் தம்பி அவர்களை இழுத்துக்கொண்டு வந்து அதைத்தான் முதலில் காட்டுவான். அவள் பக்கத்தில் நின்று ஆமாம், ஆமாம் என்பாள்.

இப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அவள் போட்ட கணக்கு இப்படி இருந்தது. கவிழ்ந்தது முதல் தட்டு. அதில் விரல் நகம் அளவுக்குக் குதிரைக் காசு ஒன்பதோ பத்தோ இருக்கும். பத்தில் ஒன்று. மீதி ஒன்பதும் வெறும் வெள்ளி, வெண்கலம். அதில் ஒன்றாக இருந்தால் எதையும் யாரிடமும் சொல்ல வேண்டியதே இல்லை. எதற்காக வீணாகக் கலவரப்படுத்த வேண்டும்? வீட்டுக்குப் போய் எது குறைகிறது என்று முதலில் பார்த்துவிடலாம்.

“நான் முன்னாடி போறேன்,” என்றாள் தம்பியிடம். “எந்தக் காசுன்னு பாக்கணும்.”

தம்பி மனைவி மடியிலிருந்த குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. “பாருங்க அண்ணி,” என்றாள். “போய் எண்ணிப் பாருங்க.”

அத்தைக்குச் சுருக்கென்றது. பதில் சொல்லப் போனால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால் சொல்லாமல் படியிறங்கினாள்.

ஆட்டோவில் வரும்போது ஈயத்தைப் பற்றித் தனக்குத் தெரிந்ததையெல்லாம் நினைக்காமல் இருக்கப் பார்த்தாள். முடியவில்லை. லேபில் சேருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே சொல்லித்தருவது உலோகமும் அமிலமும் பற்றித்தான். வாயில் இருக்கிற எச்சிலே உலோகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். வயிற்றில் இருப்பது எச்சில் இல்லை. நல்ல வெள்ளித்தோல் தாங்கும், ரெண்டு மூணு நாள்கூடத் தாங்கும். தோலில் ஓட்டை இல்லாமல் இருந்தால். ஓட்டை போட்டவள் அவள்.

வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தரையில் மண்டியிட்டாள். முதல் தட்டில் இருபத்துநான்கு குழிகள். கையில் அகப்பட்டதையெல்லாம் பொறுக்கி வைத்தாள். அவசரத்தில், ஏற்கெனவே காசு வைத்த குழியிலேயே மறுபடி வைக்கப் பார்த்தாள். ஒரு காசு தவறி மறுபடி உருண்டது. கட்டிலுக்கு அடியிலிருந்து மூன்று, திரைச்சீலையின் மடிப்பில் ஒன்று, மேசைக் கால் இடுக்கில் ஒன்று. கடைசியில் இரண்டு குழிகள் காலியாக இருந்தன. ஒன்று மூலையில் இருந்த சின்ன வெண்கலம். இன்னொன்று நடுக்குழி.

போன் வெளிச்சத்தை அடித்துக்கொண்டு குப்புறப் படுத்துத் தேடினாள். பீரோவுக்கு அடியில் தூசி, ஒரு ஹேர்பின், கடுகின் ஒற்றை சாக்ஸ். வாசலில் கழற்றி வைத்திருந்த தம்பியின் ஷூவைக் கவிழ்த்தபோது ஏதோ மின்னியது. எடுத்து ஜன்னல் அருகே கொண்டுபோனாள்.

வெண்கலம்.

அதற்குப் பிறகும் அவள் தேடினாள். அதைத்தான் பிற்பாடு நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு கூசியது. தெரிந்துவிட்டது, ஆனாலும் இருபது நிமிஷம் தேடினாள். கடுகின் விளையாட்டுச் சட்டி பானைகளைக் கொட்டினாள். தரை துடைக்கிற வாளியைக் கவிழ்த்தாள். குப்பைத் தொட்டியைச் செய்தித்தாளில் கொட்டிக் கையால் அளைந்தாள். தலையணை உறைகளை உதறினாள். எங்கேயாவது இருந்துவிடு, எங்கேயாவது இருந்துவிடு என்று வாய்விட்டு முணுமுணுத்துக்கொண்டே, ஏற்கெனவே இரண்டு முறை பார்த்த கட்டிலுக்கு அடியில் மூன்றாம் முறை குனிந்தபோது வாசலில் சாவி திரும்பியது.

கடுகு முதலில் ஓடிவந்தாள். ஆஸ்பத்திரியில் பலூனாக ஊதிக் கொடுத்த கையுறையில் ஐந்து விரலும் உப்பி நின்றன. அதை அத்தையின் முகத்துக்கு நேரே ஆட்டிவிட்டு அடுக்களைக்குப் போனாள். அம்மா பின்னாலேயே போய் பிஸ்கட் டப்பாவைத் திறக்கும் சத்தமும், பால் ஊற்றும் சத்தமும் கேட்டன. தம்பி சோபாவில் சாய்ந்து கண்ணை மூடினான்.

சொல்லாமலும் இருக்கலாம். அந்த எண்ணம் முழுசாக, வார்த்தை வார்த்தையாக அவளுக்கு வந்தது. மூன்று நாளில் வந்துவிடும். டாக்டரே சொல்லியிருக்கிறார். அரை மில்லிமீட்டர் கீறல்தான். யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை.

அவள் எழுந்து அடுக்களை வாசலுக்குப் போனாள்.

“பாலைக் குடுக்காத,” என்றாள். “ஒண்ணும் குடுக்காத.”

தம்பி மனைவி திரும்பிப் பார்த்தாள். டம்ளரில் பாதி காலியாகியிருந்தது. “டாக்டர் குடுக்கச் சொன்னாங்களே.”

“திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே.”

தம்பி எழுந்து வந்தான். “எந்தக் காசுன்னு தெரிஞ்சுதாக்கா?”

“தெரிஞ்சுது. நீ குடுத்தது.”

அவன் முகம் இளகியது. கிட்டத்தட்டச் சிரித்துவிட்டான். “அதுக்கா இப்படி நிக்கிற? வந்துடும்க்கா. வராட்டியும் போவுது, புள்ளையவிடவா.”

“அது வெள்ளி இல்லடா. மேல மட்டும்தான் வெள்ளி. உள்ள ஈயம்.”

கடுகு பிஸ்கட்டைக் கடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

“ஈயம்னா?” என்றான் தம்பி.

அவள் சொன்னாள். நிறுத்துப் பார்த்ததை, கீறிப் பார்த்ததை, கீறின இடத்தின் வழியாக வயிற்று அமிலம் உள்ளே போகும் என்பதை, ஈயம் கரைந்து ரத்தத்தில் கலந்தால் குழந்தையின் மூளையைத்தான் முதலில் தொடும் என்பதை. சொல்லும்போது அவள் குரல் லேபில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் எடுக்கும் குரலாக இருந்தது. அவளால் அதை மாற்ற முடியவில்லை.

தம்பி மனைவி குழந்தையின் கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கி, வாயில் இருந்ததையும் விரலால் தோண்டி எடுத்தாள். கடுகு அலறினாள். அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு அத்தைக்கு எதிரே வந்து நின்றாள்.

“டாக்டர் கேட்டாங்களே. ஈயம் இருக்கான்னு. நீங்க பக்கத்துலதான நின்னீங்க.”

“நின்னேன்.”

“தெரிஞ்சேவா?”

“அதுவா இருக்காதுன்னு நெனச்சேன்.”

தம்பி மனைவி குழந்தையை மறுதோளுக்கு மாற்றினாள். அத்தையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியில் அந்தப் பெண் டாக்டர் வேலை முடிந்து கிளம்பப் போனவர். அத்தை சொன்னதை முதலில் பாதிக் காதில்தான் வாங்கினார். வீட்டுக்காரர்கள் சும்மா பயந்துகொண்டு திரும்பி வருவது அவருக்குப் புதிதில்லை. காலையில் வெள்ளி என்றீர்கள், இப்போது ஈயம் என்கிறீர்கள், இரண்டில் எது என்று கேட்டார். அத்தை தன் வேலையைச் சொன்னாள். தண்ணீரில் நிறுத்த எடையைச் சொன்னாள். ஏழு வருஷம் ஆகியும் அந்த எண் அவளுக்குப் புள்ளி மாறாமல் நினைவிருந்தது. காலையில் பொய் சொன்னது தம்பி இல்லை, வாயை மூடிக்கொண்டிருந்த நான்தான் என்பதையும் சொன்னாள். டாக்டர் கைப்பையைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தார்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நடக்காதபோது நேரம் நகரவே இல்லை. மறுபடி எக்ஸ்ரே. காசு வயிற்றிலேயே, அதே இடத்திலேயே இருந்தது. ஈயத்தின் அளவு பார்க்க ரத்தம் எடுத்தார்கள். அமிலத்தைக் குறைக்க ஊசி போட்டார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டுக் காசைப் பிடித்து இழுக்க வேண்டும், அதற்கான டாக்டர் ஊரின் மறுகோடியிலிருந்து வந்துகொண்டிருந்தார். வந்தவர் உயரமான, குனிந்து பேசும் மனிதர். மயக்கம் கொடுக்க வெறும் வயிறாக இருக்க வேண்டும், கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று கேட்டார். ஒன்றரை மணிக்குப் பால், என்றாள் தம்பி மனைவி. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறு மணி நேரம் விட்டால் நல்லது. ஆனால் அவ்வளவு நேரம் ஈயத்தை உள்ளே விட்டுவைக்கவும் அவருக்கு விருப்பமில்லை. மயக்க டாக்டரோடு மூலையில் நின்று பேசிவிட்டு வந்து, ஐந்து மணிக்குச் செய்கிறோம் என்றார். வாந்தி நுரையீரலுக்குப் போகாமல் பார்த்துக்கொள்கிறோம், ஆனால் அந்த அபாயம் இருக்கிறது, கையெழுத்துப் போடுங்கள்.

தம்பி கையெழுத்துப் போட்டான். பால் கொடுத்ததற்காகத் தம்பி மனைவி தன் தொடையிலேயே அறைந்துகொண்டாள். அத்தை பார்த்தும் பாராததுபோல் இருக்க முடியாமல் எழுந்து தண்ணீர்க் குழாய் பக்கம் போய் நின்றாள். நான் நேரத்தோடு சொல்லியிருந்தால் அந்தப் பாலே இருந்திருக்காது. இந்த வாக்கியத்தை அவள் அங்கே நின்று எத்தனை தடவை சொல்லிக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

ஐந்து மணிக்குக் கடுகைச் சக்கரக் கட்டிலில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடியது. வராந்தாவில் மூன்று நாற்காலிகள் ஒன்றோடொன்று இணைத்துப் போடப்பட்டிருந்தன. கணவனும் மனைவியும் இரண்டில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது காலியாக இருந்தது. அத்தை எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். ஒரு நர்ஸ் எதற்கோ வெளியே ஓடிவந்து, எதையோ எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினாள். மூன்று பேரும் அந்தக் கதவையே பார்த்தார்கள். உள்ளே ஏதோ தட்டு விழுந்த சத்தம். தம்பி பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தான்.

பிறகு, கதவைப் பார்த்தபடியே அவன் கேட்டான். “எப்பத் தெரியும் உனக்கு?”

“நீ குடுத்த மறுநாள்.”

“மறுநாளேவா.”

“ம்.”

“நான் ஒவ்வொருத்தரையும் கூட்டிட்டு வந்து காட்டுனேனே.”

அத்தை தரையைப் பார்த்தாள். தம்பி மனைவி சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டு கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நாற்பது நிமிஷம் கழித்து உயரமான டாக்டர் வெளியே வந்து முகமூடியைக் கழற்றினார். எடுத்தாயிற்று, குழந்தை நன்றாக மூச்சு விடுகிறாள் என்றார். தம்பி மனைவிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. டாக்டர் கையில் மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் டப்பா. உள்ளே இருந்தது கன்னங்கரேலென்று, யார் பார்த்தாலும் காசு என்று சொல்லமாட்டார்கள். விளிம்பில் ஒரு இடத்தில் தோல் உரிந்து, உள்ளே குழி விழுந்திருந்தது. அரை மில்லிமீட்டர் கீறல் மிளகு அளவுக்கு அகன்றிருந்தது.

“இங்கதான் ஆரம்பிச்சிருக்கு,” என்றார் டாக்டர் அந்தக் குழியைக் காட்டி. “மூணு நாள் விட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் சொல்ல விரும்பல.”

டப்பாவை அவர் நீட்டினார். அத்தை கையை நீட்டவில்லை. தம்பி வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

ரத்தப் பரிசோதனை முடிவு மறுநாள் மதியம்தான் வந்தது. ஐந்துக்குள் இருக்க வேண்டிய இடத்தில் பத்தொன்பது. நாற்பத்தைந்தைத் தாண்டினால்தான் மருந்து, இது தானாக இறங்கும், ஆனால் இறங்குகிறதா என்று மாதாமாதம் பார்க்க வேண்டும் என்றார்கள். அன்று சாயங்காலம் கடுகை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். தொண்டை கரகரத்துப்போய் ஒரு வாரம் வாத்துக் குரலில் பேசிக்கொண்டு திரிந்தாள், அதை ரசிக்கவும் செய்தாள்.

காசைத் தூக்கி எறியுங்கள் என்று அத்தையிடம் யாரும் சொல்லவில்லை. அவளே மூன்று தட்டுகளையும் துணியில் சுற்றி லேபுக்குக் கொண்டுபோய், தன் இரும்பு லாக்கரில் வைத்துப் பூட்டினாள். சாப்பாட்டு நேரத்தில் எப்போதாவது திறந்து பார்ப்பாள். அப்படிப் பார்த்த ஒரு நாள், மனசுக்குள் வெகுகாலமாக உறுத்திக்கொண்டிருந்த இன்னும் இரண்டு காசுகளை எடுத்துத் தண்ணீரில் நிறுத்தாள். ஒன்று நல்லது. ஒன்று என்னவென்று தீர்மானிக்க முடியவில்லை. அதன் குழியில் ‘சந்தேகம்’ என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதி வைத்தாள்.

வீட்டில் பேச்சு நின்றுவிடவில்லை, சுருங்கியது. தம்பி மனைவி ‘அண்ணி, கேஸ் தீந்துபோச்சு’ என்பாள், ‘அண்ணி, உங்களுக்கு ஒரு லெட்டர்’ என்பாள். குழந்தையை அத்தையிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போவதை மட்டும் நிறுத்தியிருந்தாள். போகும்போது கூடவே இடுப்பில் தூக்கிக்கொண்டு போவாள். தம்பி அவளுடைய அறைக்குள் வருவதில்லை. வாசலில் நின்று பேசிவிட்டுப் போவான்.

இரண்டாம் மாதம் பதினொன்று என்று வந்தது. மூன்றாம் மாதப் பரிசோதனைக்குத் தம்பி மனைவிக்கு ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. காலையில் செருப்பு மாட்டிக்கொண்டே, அண்ணியைக் கூட்டிட்டுப் போங்க, அவங்களுக்குத்தான் இந்த எண்ணெல்லாம் புரியும், என்று கணவனிடம் சொன்னாள். அத்தையின் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் அவள் காதில் விழும்படிதான் சொன்னாள்.

ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரிப்போர்ட் உறையைத் தம்பி பிரிக்காமலேயே அவளிடம் கொடுத்தான். அவள் படித்தாள். மறுபடி படித்தாள். ஒருவேளை பெயர் மாறியிருக்குமோ என்று மேலே பார்த்தாள். பதிவேட்டுப் பெயர், வயது, எல்லாம் சரியாக இருந்தது.

“ஆறு,” என்றாள்.

“அஞ்சுக்குள்ள இருக்கணும்ல?”

“இறங்கிட்டே இருக்கு. அடுத்த மாசம் வந்துடும்.”

திரும்பும்போது பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. கடுகு அப்பாவின் மடியில் ஏறி, ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்தபடி தூங்கிப்போனாள். ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டியிருந்த பஞ்சை அவள் யாரையும் பிய்க்கவிடவில்லை. இரண்டு நிறுத்தம் தாண்டியது.

“அந்தக் கடைக்காரன் ரொம்ப வயசானவன்,” என்றான் தம்பி. “டீ வாங்கிக் குடுத்தான். நல்லவனா தெரிஞ்சான்.”

“அவனுக்கே தெரியாம இருந்திருக்கலாம். நல்லா செஞ்ச காசு அது. பத்துல ஒம்போது பேரு ஏமாந்திருப்பாங்க.”

“நீ ஏமாறல.”

அவள் கையிலிருந்த உறையை நான்காக மடித்தாள்.

“சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்னு நெனச்ச?” என்றான்.

“அழுதிருப்ப.”

அவன் யோசித்தான். “அழுதிருப்பேன்தான். ரெண்டு நாள் அழுதிருப்பேன். அவ்வளவுதானக்கா?”

ஏழு வருஷத்தில் அந்த இரண்டு நாளுக்கு அப்பால் என்ன என்று அவள் ஒருபோதும் யோசித்துப் பார்த்ததில்லை. அவர்களுடைய நிறுத்தம் வந்தது. தம்பி எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொள்ள ஒரு கை வேண்டியிருந்ததால், தூங்குகிற குழந்தையை அவள் தோளில் சாய்த்தான். அத்தை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகக் காலால் தடவிப் பார்த்து இறங்கினாள்.